மாமல்லபுரத்துப் பாறை மீன்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கல்லைப் பார்க்கப் போகிறார்கள். அர்ஜுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். கோயிலை அலை அரித்துவிடாமல் இருக்கக் கடலோரத்தில் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள் அல்லவா? அந்தக் கற்களின் மேலும், சற்று வடக்கே அலை வந்து மோதும் பாறைகளின் மேலும் குடியிருக்கும் ஒரு ஜீவனை ஏறிட்டுப் பார்ப்பவர் அநேகமாக இல்லை. அது ஒரு மீன். தண்ணீருக்குள் இருப்பதைக் காட்டிலும் ஈரக் கல்லின் மேல் உட்கார்ந்திருப்பதில் அதிகப் பிரியமுள்ள மீன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களில் வாழும் எங்களுக்குக் கடல் ஒரு தூரதேசம். சென்ற பொங்கல் விடுமுறையில் குடும்பத்துடன் புறப்பட்டோம். வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் பஸ் பிரயாணம். வழி நெடுகப் பாலாறு எங்களுடன் வருவதும் பிரிவதுமாக இருந்தது. நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, 348 கிலோமீட்டர் நடந்து, அதில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் கழித்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலைச் சேரும் ஆறு அது. ஆறு என்று சொல்கிறேனே ஒழிய, ஆண்டில் பெரும்பகுதி அங்கே ஓடுவது மணலும் வெயிலுந்தான்.

தமிழ்நாட்டுக் கடற்கரை பெரும்பாலும் மணற்கரை. பாறை கடலுக்குள் இறங்கி நிற்கும் இடங்கள் சிலவே. மாமல்லபுரம் அவற்றில் ஒன்று. தெற்கே கன்னியாகுமரியும் முட்டமும் வேறு சில. மேலும் நம் கிழக்குக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு மிகக் குறைவு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூடச் சென்னைப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆகவே நீரும் நிலமும் மாறி மாறி ஆளும் எல்லை ஒரு குறுகிய பட்டைதான். அந்தப் பட்டையை ஈரமாக வைத்திருப்பது ஓதத்தைக் காட்டிலும் அலைச் சிதறலே. பாறை மீனின் ராஜ்யம் அவ்வளவுதான்: அலைத் துளி எட்டும் மட்டும்.

முதலில் கண்டவன் என் தங்கை மகன். "மாமா, அது பல்லியா, மீனா?" என்றான். கேள்வி நியாயமானதே. நாலைந்து அங்குல நீளம். பாசியும் கருமையும் கலந்த நிறம். மழுங்கிய செங்குத்தான முகம். தலை உச்சியில் தவளைக்கு இருப்பது போல் இரண்டு கண்கள். கண்ணுக்கு மேல் மயிர் போன்ற சிறு குச்சங்கள். முதுகு நெடுகிலும் ஒரே துடுப்பு. அலை வந்து மூடியது. அலை போனதும் அதே இடத்தில் அது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பையன் ஓரடி எடுத்து வைத்தான். வால் பக்கவாட்டில் வளைந்து, வில்லைப்போல் நிமிர்ந்தது. மீன் ஒரு முழ தூரம் தாவி அடுத்த கல்லில் போய் உட்கார்ந்தது. தண்ணீரை நோக்கி ஓடாமல் அது கல்லை நோக்கித் தாவியதே எனக்கு விசேஷமாகத் தோன்றியது.

பக்கத்தில் வலை சீர்படுத்திக்கொண்டிருந்த முதியவர் சிரித்தார்.

"அதைப் பிடிக்க முடியாதுங்க வாத்தியாரே. பிடிச்சாலும் கொழம்புக்கு ஆவாது. வழுவழுன்னு கையிலேயே நிக்காது."

முதியவர் சொன்ன வழுவழுப்புத்தான் இந்தக் குலத்தின் பெயருக்கே காரணம். இவற்றை ஆங்கிலத்தில் பிளென்னி என்பார்கள். கிரேக்க மொழியில் கோழை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஏறக்குறைய 400 வகைகள் உலகில் உண்டு. அவற்றில் பாறையில் ஏறித் தாவும் வகைகளுக்கு ராக்ஸ்கிப்பர், அதாவது பாறைத்தாவி, என்று பெயர். சென்னைப் பட்டாளத்தில் வைத்தியராக இருந்து பின்பு இந்திய மீன்வள அதிகாரியான பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலில் இவற்றைச் சலாரியாஸ் என்னும் தலைப்பில் வர்ணித்திருக்கிறார். இனம் இனமாகப் பிரித்துச் சொல்வது நிபுணர் வேலை. நமக்குக் குலம் தெரிந்தால் போதும்.

இம்மீனுக்குச் செதில் கிடையாது. தோலை உப்பிட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, முன்னாளில் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும், இந்நாளில் பெரும்பாலும் குரோமிய உப்பாலும் பதனிடும் ஊர்க்காரனுக்கு இந்த மீனின் தோலைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல ஆசையாக இருப்பதை நேயர்கள் மன்னிக்க வேண்டும். அந்தத் தோல் சுவாசிக்கிறது. வெளியே வந்ததும், ஈரமான செவுளோடு தோலும் காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கிக்கொள்கிறது. மேல் தோலுக்கு வெகு அருகில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. கோழைதான் ஈரத்தைக் காக்கும் போர்வை. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றது. அதனால்தான் அது வெயிலில் தூரம் போவதில்லை. அடிக்கடி அலை நீரில் புரண்டு கொள்கிறது.

மீன் ஏன் நிலத்துக்கு வர வேண்டும்? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், ஒரு பனைமரத்தில் தண்ணீருக்கு மேல் ஐந்தடி உயரத்தில் மீன் ஒன்று ஏறுவதைக் கண்டதாக எழுதினார்; 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை வெளியிட்டது. நம் ஜனங்கள் பனையேறிக் கெண்டை என்று சொல்லும் மீன்தான் அது. மரம் ஏறுவதைப் பிற்காலத்தவர் நம்பவில்லை. ஆனால் குளம் வற்றினால் தரையில் ஊர்ந்து அடுத்த குளத்தைத் தேடிப் போவது உறுதி. அதற்குச் செவுளுக்கு மேல் காற்றைச் சுவாசிக்கத் தனி அறை இருக்கிறது. எங்கள் ஏரி விராலுக்கும் அப்படியே. குட்டை நீரில் பிராணவாயு குறைவு. அந்தக் குறைவு கற்றுக்கொடுத்த பாடம் அது.

பாறைத்தாவியின் சங்கதி நேர் எதிரானது. அலை அடிக்கும் நீரில் காற்றுக்கு என்ன பஞ்சம்? நுரை முழுவதும் காற்றுத்தானே! மூச்சு முட்டி அது வெளியே வருவதில்லை. நீருக்குள் பெரிய மீன்கள் விழுங்கக் காத்திருக்கின்றன; மேலே பாசி தின்னப் போட்டி குறைவு. இவையே காரணங்கள் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். மேலே மட்டும் ஆபத்து இல்லையா? பறவையும் நண்டும் இருக்கின்றனவே. பசிபிக் சமுத்திரத்துக் குவாம் தீவில் பிளாஸ்டிசின் களிமண்ணால் பொம்மை மீன்கள் செய்து சிலவற்றைப் பாறையிலும் சிலவற்றைப் பக்கத்து மணலிலும் வைத்துப் பார்த்தார்கள். மணலில் வைத்தவையே அதிகமாகக் கொத்துப்பட்டன. 2013-ல் வெளியான ஆராய்ச்சி இது. கல்லின் நிறமே அதற்குக் கவசம். கல்லை விட்டு விலகினால் பாதுகாப்புப் போயிற்று.

குடும்பம் நடத்துவதும் கல்லில்தான். ஆண் மீன் ஒரு பொந்தைப் பிடித்துக்கொள்ளும். பெண் அதன் சுவரில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். அதன்பின் காவலும் கவனிப்பும் தகப்பன் பொறுப்பு. "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று என் மனைவி ஒரு வார்த்தை சொன்னாள். அவ்விஷயத்தை மேலே வளர்க்க நான் விரும்பவில்லை. பொரித்த குஞ்சுகள் கடலில் மிதந்து அலைந்து, சிறிது வளர்ந்தபின் ஏதேனும் ஒரு பாறையைத் தேடிப் பிடித்துக் குடியேறுகின்றன.

உணவு? சீப்புப்போல் நெருங்கிய நுண்பற்களால் பாறைமேல் படிந்த பாசியையும் மக்கையும் சுரண்டித் தின்கிறது. பாறையில் எது படிந்தாலும் அது இதன் வயிற்றுக்குள் போகும் என்பதே இதன் பொருள். 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி, கரிய எண்ணெய் வடசென்னைக் கரைக் கற்களில் களிம்பாய் அப்பியதும், ஜனங்கள் வாளியால் அதை அள்ளியதும் பலருக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பரில் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் பரவியது. தோலால் மூச்சுவிட்டுக் கல்லை நக்கிப் பிழைக்கும் உயிருக்கு எண்ணெய் பூசிய கல்லில் மூச்சும் இல்லை, சோறும் இல்லை. விரால் அப்படியன்று. கழிவு கலந்து பிராணவாயு போன நீரிலும் அது மேலே வந்து காற்றை விழுங்கிக் காலம் தள்ளும். எங்கள் பக்கத்துக் குட்டையில் விரால் துள்ளுகிறது, தண்ணீர் நன்றாய்த்தான் இருக்கிறது என்று வாதிப்பவர்கள் உண்டு. அந்தச் சாட்சி செல்லாது.

1996 ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் எங்கள் பிரதேசத்துத் தோல் ஷாப்புகளைப் பற்றித் தீர்ப்பளித்தபோது, இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுவதுமோ பாதியோ பயிருக்கு உதவாமற்போன செய்தி அதில் இடம்பெற்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. ஆயினும் 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே கோர்ட், பாதிக்கப்பட்டோருக்கு அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்து அதை அசுத்தம் செய்தவர்களிடம் வசூலிக்கும்படி மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் பாதி அடுப்பு தோலாலும் செருப்பாலும் எரிகிறது. என் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு அப்பன் சம்பாத்தியம் அங்கேதான். ஷாப்பை மூடு என்று சொல்ல எனக்கு நா எழாது. கிணற்று நீர் வாயில் வைக்க முடியவில்லை என்பதையும் சொல்லாமலிருக்க முடியாது.

"நம் ஊர்த் தண்ணீர் இந்த மீனிடம் வருமா, மாமா?" என்று பையன் கேட்டான். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதை அவன் பாலத்தின் மேல் நின்று பார்த்தவன். வெள்ளம் வருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். அந்த மாதங்களில் இக்கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகிறது. மாமல்லபுரமோ பாலாற்று முகத்துக்கு வடக்கே இருக்கிறது. ஆகையால் எங்கள் வெள்ளம் இந்தப் பாறைகளுக்கு எதிர்த் திசையில், புதுச்சேரிப் பக்கமாகப் போகும் என்று மணலில் கோடு போட்டுக் காட்டினேன். "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்றான்.

பார்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். நீர் வற்றும் நேரத்தை மீனவரிடம் கேட்டால் சொல்வார்கள். பாசிப் பாறை வழுக்கும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அலை எட்டாத தூரத்தில் நிழல் விழாமல் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தால், வெறுங்கல் என்று எண்ணிய இடத்தில் முதலில் ஒரு ஜோடிக் கண்கள் தெரியும். பிறகு பத்துப் பன்னிரண்டு ஜோடி.