திருப்புளியும் நானும்

எங்கள் வீட்டில் நான்கு கடிகாரங்கள் இருக்கின்றன. மணி தெரிய வேண்டுமென்றால் என் மனைவி கைப்பேசியைத்தான் பார்ப்பாள். கடிகாரங்கள் ஓடாமல் நின்றதற்குக் காரணம் அவை பழசாகிவிட்டது அல்ல. நான் அவற்றைப் பழுது பார்த்ததுதான். கைப்பேசியைத் திருகாணி போட்டு முடுக்காமல் பசை வைத்து ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் என் திருப்புளி அதனிடம் செல்லுபடியாகவில்லை. அது இன்னும் உயிரோடு இருப்பது அதனால்தான் என்பது அவள் கட்சி.

இந்தக் கழற்றிப் பார்க்கும் வியாதி எனக்கு 1962-ல் திருச்சியில் பிடித்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா பொன்மலை ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு வால்வு ரேடியோ வாங்கியிருந்தார். ஆண்டு தவறாமல் தபாலாபீசுக்குப் போய் அதற்கு லைசென்ஸ் கட்டிவிட்டு வருவார். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. வால்வுகள் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அதன் முகத்தில் ஒரு பச்சைக் கண் மெள்ளத் திறக்கும். நிலையம் சரியாக அகப்பட்டதும் அந்தக் கண் ஒடுங்கும். அந்தக் கண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு பையன் எத்தனை நாள்தான் பொறுத்திருப்பான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு தூங்கிக்கொண்டிருந்தபோது பின்பக்க அட்டையைக் கழற்றினேன். உள்ளே ஒரு சிறு பட்டணமே இருந்தது. வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். திரும்பச் செருகும்போது இரண்டை இடம் மாற்றிவிட்டேன் என்பது அப்போது தெரியவில்லை. சாயங்காலம் செய்தி கேட்க அப்பா சுவிட்சைப் போட்டார். உள்ளே பளிச்சென்று ஒரு வெளிச்சம். பிறகு கருகல் நாற்றம். பச்சைக் கண் திறக்கவே இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

மறுநாள் ரேடியோவைத் துண்டில் கட்டி, ரிக்ஷாவில் வைத்து, தெப்பக்குளத்துப் பக்கத்தில் ஒரு சந்திலிருந்த ரிப்பேர்க் கடைக்குக் கொண்டு போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதை யார் சார் திறந்தது?” என்று அதட்டினார்.

“நான்தான்” என்றார் அப்பா.

நான் திடுக்கிட்டேன். அப்பாவுக்குத் திருப்புளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. கடைக்காரர் விடவில்லை. “படித்தவர், இப்படிச் செய்யலாமா? பிளக்கைப் பிடுங்கின பிறகும் இதற்குள்ளே கரண்ட் தங்கியிருக்கும். தெரியாத் தனமாகத் தொட்டால் ஆளையே தூக்கியடித்துவிடும், சார்” என்று நாலு பேர் எதிரே பொழிந்து தள்ளினார். அப்பா குடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரர் முட்டாள் அல்ல. என் விரல் நகங்களிலிருந்த கரியைக் கவனித்திருக்க வேண்டும். கிளம்பும்போது ஒரு காகிதத்தில் ஏதோ படம் வரைந்து, கண்ணாடிக் குப்பிபோல் அரிசி பருமனில் ஒரு சாமானையும் சேர்த்து அப்பாவிடமே நீட்டினார். “மறுபடியும் திறந்து பார்க்கத் தோன்றினால், சார், இதை வைத்துச் செய்து பாருங்கள். கரண்டும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம்.” அது ஓ.ஏ.79 என்ற ஜெர்மானியம் டையோடு.

மின்சாரமே இல்லாமல் பாடும் ரேடியோவா என்று வாசகர்கள் சந்தேகப்படலாம். இதில் கண்கட்டு வித்தை ஒன்றும் இல்லை. நிலையம் அனுப்பும் அலையிலேயே கொஞ்சம் வலு இருக்கிறது. ஏரியல் கம்பி அதைப் பிடிக்கிறது. கம்பிச் சுருளும் கேங் கண்டென்சரும் வேண்டிய நிலையத்தை மட்டும் பொறுக்கி எடுக்கின்றன. டையோடு மின்னோட்டத்தை ஒரே திசையில் விட்டுப் பேச்சைப் பிரித்துக் கொடுக்கிறது. ஜெர்மானியத்துக்கு முன்னால் இந்த வேலையைக் கலீனா என்ற ஈயக் கல் செய்தது. கல்லின் மேல் ஊசிமுனையை நகர்த்தி நகர்த்தித் தகுந்த இடம் தேடுவார்கள். கல்லைக் கொண்டு அலையைக் கண்டறியும் கருவிக்கு 1904-ல் அமெரிக்காவில் உரிமை பெற்றவர் நம்முடைய ஜகதீச சந்திர போஸ். சென்னையில் ஒலிபரப்பு பிறந்ததும் இப்படி ஆசைப்பட்டவர்களால்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924-ல் தொடங்கிய ரேடியோ சங்கம், பணமில்லாமல் 1927-ல் படுத்தது. பிறகு நகரசபை எடுத்து நடத்தியது. அரசாங்க நிலையம் வந்தது 1938-ல்தான்.

திருச்சி நிலையம் 1939-லிருந்து இருந்தபடியால் எனக்குக் கவலை இல்லை. ஒரு மூங்கில் குழாயில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை 90 சுற்றுச் சுற்றினேன். ஹெட்போனைச் சென்னையிலிருந்து மாமா கொண்டு வந்தார், மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியது. (அந்த மார்க்கெட்டும் 1985-ல் எரிந்து போயிற்று.) முருங்கை மரத்திலிருந்து மொட்டைமாடிக்கு ஏரியல் கட்டினேன். கிணற்றடியில் ஓர் இரும்புக் கம்பியை அறைந்து பூமிக்கு இணைப்புக் கொடுத்தேன்.

மூன்று நாள் காதை வலிக்க வலிக்க அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். என் மூச்சுதான் கேட்டது.

மூன்றாம் நாள் இரவு அப்பா பின்னால் வந்து நின்றார். கையில் கடைக்காரர் கொடுத்த காகிதம்; அவர் குமாஸ்தா அல்லவா, அடியில் பொடியாக எழுதியிருப்பதையும் விடாமல் படிப்பவர். “கம்பியின் நுனியில் எனாமலைச் சுரண்ட வேண்டும் என்று இதில் போட்டிருக்கிறதே, சுரண்டினாயோ?” என்றார்.

நான் சுரண்டவில்லை. பிளேடை எடுத்துச் சுரண்டி மறுபடியும் முறுக்கினேன். எங்கோ தூரத்து ஊரில் கச்சேரி நடப்பதுபோல், எறும்பளவு குரலில், ஒரு நாகசுரம் கேட்டது. ஹெட்போனில் ஒன்றை அப்பா காதில் வைத்தேன், மற்றதை என் காதில். நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு, நிலையம் மூடும்வரை உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்குக் கேட்பதற்காக ஹெட்போனை வெண்கல உருளிக்குள் வைத்தோம். உருளி லேசாகப் பாடியது.

பெரிய ரேடியோ ரிப்பேராகி வந்த பிறகும் இரவில் அப்பா இதைத்தான் கேட்டார். கடையில் நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கோடையில் கிணற்றடி காய்ந்து, சத்தம் குன்றியது. பூமிக் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றினால் இணைப்பு நன்றாக இருக்கும் என்று அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. எனக்கு அது நினைவில்லை. ஒரு நாள் காலையில் அம்மா ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“உப்பு இப்படிக் குறைகிறதே! யார் எடுக்கிறது?” என்று என்னைப் பார்த்தாள்.

“நான்தான்” என்றார் அப்பா, பத்திரிகையை இறக்காமலே.

இந்தத் தடவை அது உண்மை.