பிபிடி அனுப்புங்க சார்!

வகுப்பு முடிந்து லேப்டாப்பை மூடுவதற்குள் ஒரு குரல் வந்துவிடும்: "சார், பிபிடிய குரூப்ல போட்டுருங்க." கல்லூரி ஆசிரியர்களுக்குப் பழகிப்போன வசனம் இது. போட்டுவிட்டால் பாடம் கைக்கு வந்துவிட்டதென்று மாணவர்களுக்கு நிம்மதி. போர்ஷன் முடிந்ததென்று நமக்கு நிம்மதி.

1987இல் வெளிவந்த பவர்பாயிண்ட், அலுவலகக் கூட்டங்களில் பேசுகிறவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. அந்தக் குணம் இன்னும் அதைவிட்டுப் போகவில்லை. முடிவை அழகாகக் காட்டும்; அங்கே வந்து சேர்ந்த வழியைக் காட்டாது. போர்டில் ஒரு சமன்பாட்டை வருவிக்கும்போது நடுவில் குறி மாறிப்போகும், பின்பெஞ்சிலிருந்து "சார், மைனஸ்!" என்று திருத்தம் வரும். ஸ்லைடில் எல்லா வரியும் ஒரே கிளிக்கில் இறங்கிவிடுகிறது, சந்தேகப்பட நேரமில்லை. போதாக்குறைக்கு, திரை தெளிவாகத் தெரிய வேண்டுமென்று விளக்கையும் அணைத்துவிடுகிறோம். யாருக்குப் புரிந்தது, யார் தூங்குகிறார் என்பது யாருக்குத் தெரியும்?

ஹார்வர்டில் எரிக் மஸூர் நல்ல பெயர் வாங்கிய இயற்பியல் ஆசிரியர். 1990 வாக்கில், விசையைப் பற்றிய மிக எளிய கேள்விகள் கொண்ட ஒரு தேர்வைத் தன் மாணவர்களுக்கு வைத்தார். நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டாராம். நல்ல ஆசிரியரை இதைவிடக் கலங்கடிக்கும் கேள்வி உண்டா? அதன்பின் அவர் வகுப்பு மாறியது. கொஞ்சம் பாடம், ஒரு கேள்வி, தனித்தனியாக வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி வாக்கு.

என் வகுப்பில் நான் கேட்பது இது: லாரியும் மொபெட்டும் நேருக்கு நேர் மோதினால் எது அதிக விசை தருகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்திலும் ஒப்பிப்பவர்கள், செல்போனில் "லாரி" என்று தட்டுகிறார்கள். பேசிக்கொள்ளுங்கள் என்றதும் சத்தம் கிளம்பும். "விசை ரெண்டுக்கும் ஒண்ணுதான்டி. மொபெட்டுக்கு நிறை கம்மி, அதான் தூக்கி வீசுது." ஆங்கிலத்தில் நான் மூன்று ஸ்லைடு போட்டுச் சொல்வதை அந்தப் பெண் தமிழில் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாள். இரண்டாம் வாக்கில், திரையில் வாக்குகளைக் காட்டும் உயரமான பட்டை இடம் மாறுகிறது.

இதற்கு எதிர்ப்பு மாணவர்களிடமிருந்தே வரும். "சார் நடத்தவே மாட்டேங்கிறார்" என்பார்கள். ஹார்வர்டிலும் இதே கதைதான். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே மல்லுக்கட்டிப் படித்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விரிவுரை புரிந்த மயக்கத்தைத் தருகிறது. ஃபீட்பேக் படிவத்தை மட்டும் பார்த்து ஆசிரியரை எடைபோடும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்மார்ட் போர்டு வாங்கத் துடிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. வாக்களிக்க மின்கருவி கொடுத்த வகுப்பையும் வெறும் அட்டை கொடுத்த வகுப்பையும் கனடாவில் நதானியேல் லாஸ்ரி ஒப்பிட்டு 2008இல் எழுதினார். கற்றலில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

ஆகவே சக ஆசிரியர்களே, நாளைய பிபிடியில் பாதி ஸ்லைடை எடுத்துவிட்டு ஒரு நல்ல கேள்வியை வையுங்கள். நெட் வராவிட்டால் ஏ, பி, சி, டி என்று எழுதிய நான்கு அட்டை போதும். விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்.