வீதியில்லா ஏரியில் நான்கு நாட்கள்

கனடா என்றதும் நம்மவர்க்கு ரொறன்ரோ மாநகரமே நினைவுக்கு வரும். அங்கு உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அரிது. ஆயின், அந்நகரிலிருந்து வீதிவழியே ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடமேற்கே, அதே ஒன்ராறியோ மாகாணத்தில், ரெட் லேக் என்றோர் ஊர் உண்டென்பதை அறிந்தோர் சிலரே. 105 ஆம் இலக்க நெடுஞ்சாலை அவ்வூரில் முடிகின்றது. அதற்கு அப்பால் கருங்கற் பாறையும் ஊசியிலைக் காடும் எண்ணிறந்த ஏரிகளுமே பரந்து கிடக்கின்றன. பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் நிலத்தைச் சுரண்டிச் சென்ற பள்ளங்களே அவ்வேரிகள்.

அங்கு நாம் சென்றது சகோதரியின் மைந்தனின் வற்புறுத்தலினால். அவனுக்குத் தூண்டில் என்றால் உயிர். மச்சம் தீண்டாத நமக்கு மீன்பிடிக்கும் ஏரியில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். ஊர் பார்க்கும் ஆசைக்கு உணவு விதி தடையன்று.

ரெட் லேக் பொன்னால் எழுந்த ஊர். 1926 இல் பொன் தேடி வந்தோர் நாய்கள் இழுத்த சறுக்கு வண்டிகளிலும் சிறு விமானங்களிலும் வந்திறங்கினர். அன்றுதொட்டு இன்றுவரை விமானமே அவ்வூரின் மாட்டு வண்டி. 1935 இல் முதன்முதற் பறந்த நோர்ஸ்மன் என்னும் விமானமொன்றை நீர்க்கரையிலே தூணில் ஏற்றி வைத்திருக்கின்றனர். நாம் தலைவர்களுக்குச் சிலை வைப்பதுபோல. எம்மைச் சுமந்தது பீவர் என்னும் மிதவை விமானம். ரொறன்ரோவை அடுத்த டவுன்ஸ்வியூவிற் கட்டப்பட்டு 1947 இல் முதன்முதற் பறந்த இனம் அது. சில்லுகளுக்குப் பதிலாக இரு மிதவைகள். ஓடுபாதைக்குப் பதிலாக ஏரிநீர். ஏறுமுன் அரிசி, உருளைக்கிழங்கு, எரிவாயு யாவற்றையும் தராசில் நிறுத்தனர். பின்னர் எம்மையும் நிறுத்தனர். சாக்கு மூட்டைக்கும் பட்டதாரிக்கும் அங்கு ஒரே தராசுதான்.

முக்கால் மணி நேரம் பறந்தோம். கீழே நிலத்தினிடையே நீரா, நீரினிடையே நிலமா என்று பிரித்தறிய இயலவில்லை. இறங்கிய ஏரியின் பெயரை எழுத வேண்டாமென்று மருமகன் கேட்டுக்கொண்டான். மீன்பிடிப்போர் எந்நாட்டிலும் இவ்விடயத்தில் ஒரே சாதி. “நான்காம் நாள் வருவேன், காற்றும் முகிலும் இடந்தந்தால்” என்று கூறி விமானி மேலெழுந்தார். எந்திர ஒலி தேய்ந்து மறைந்தபின் எஞ்சிய அமைதி, செவியை அடைப்பது போன்றிருந்தது. மரக்குடில் ஒன்று, வள்ளம் ஒன்று, மூவர், அவ்வளவே.

மூன்றாமவர் எமக்கு வழிகாட்டிய முதியவர். அந்நிலத்தின் ஆதிக்குடிகளாகிய அனிஷினாபே மக்களைச் சேர்ந்தவர்.

அவ்வேரியின் அரசன் பைக் என்னும் மீன். நீண்ட உடல், வாத்தின் அலகு போலத் தட்டையான வாய், உள்நோக்கிச் சாய்ந்த ஊசிப் பற்கள். நம் கடலின் சீலாவை நினைவூட்டும் தோற்றம். நம் குளத்து விராலை நினைவூட்டும் குணம். நீர்ப்பாசியிடையே அசையாது கிடந்து, இரை அணுகியதும் அம்பெனப் பாயும். அதன் பல் நூலை அறுத்துவிடுமாதலால் தூண்டில் முனையில் உருக்குக் கம்பி கோத்து, கரண்டி வடிவான மினுங்கும் தகட்டை எறிகின்றனர்.

இரண்டாம் நாட் காலை மருமகனின் தூண்டில் வில்லாய் வளைந்தது. முதியவர் எந்திரத்தை நிறுத்தினார். அரை நாழிகைப் போராட்டத்தின்பின் வள்ளத்தருகே வந்த மீனைக் கண்டு, “மாமா, பாருங்கோ!” என்று அவன் கூவினான். அளந்தபோது 41 அங்குலம். முதியவரோ நீண்ட குறட்டினால் முள்ளைக் கழற்றி, மீனின் வாலைப் பற்றி நீரில் நிறுத்தி, அது தானே உதறிச் செல்லுமளவும் காத்திருந்தார். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள் என்றும், குளிர்நீரில் அவ்வளவு வளரப் பல்லாண்டு செல்லும் என்றும் விளக்கினார்.

நண்பகலிற் கரையேறிச் சமைத்தோம். சிறு மீன்களையே அவர்கள் உணவுக்கு வைத்திருந்தனர். நாம் கேளாமலே, அம்முதியவர் உருளைக்கிழங்கைப் புது எண்ணெயில் முதலிற் பொரித்து எமக்கு ஒதுக்கி வைத்துவிட்டுப் பின்னரே மீனைப் பொரித்தார். அந்த நாகரிகத்தைப் பல கலியாண வீடுகளில் நாம் கண்டதில்லை.

உண்ணாத மீனைத் துன்புறுத்திப் பிடிப்பானேன் என்று அவரிடம் கேட்டோம். சற்று நேரம் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். தம் இனத்து மூத்தோர் பலரும் அதையே கேட்பதாகவும், மீன் தன்னை உணவாகத் தருவதே அன்றி விளையாட்டுக்காக வருவதன்று என்பது அவர்தம் கொள்கை என்றும் கூறினார். தமக்கு இது தொழில்; தம் தந்தைக்கும் இதுவே தொழிலாயிருந்தது, தெற்கே இங்கிலிஷ் ஆற்றில், 1970 வரை.

அவ்வாண்டின் கதை உலகறிந்தது. டிரைடன் நகரின் காகித ஆலையோடு சேர்ந்த இரசாயனத் தொழிற்சாலை ஒன்று 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 தொன் பாதரசத்தை வபிகூன் ஆற்றிற் கலந்தது. அந்த ஆறு இங்கிலிஷ் ஆற்றிற் சேர்வது. நுண்ணுயிர்கள் அப்பாதரசத்தைக் கொடிய நஞ்சாக மாற்றின. சிறு மீனைப் பெருமீன் தின்னத் தின்ன நஞ்சு திரண்டது. யாவற்றையும் தின்னும் பைக் மீனில் மிகத் திரண்டது. கிராஸி நரோஸ், வபசீமூங் ஆகிய ஆதிக்குடி ஊரவர்க்கு அம்மீனே உணவு, அம்மீனே ஊதியம். 1970 இல் மீன்பிடி வாணிகம் தடுக்கப்பட்டது, விடுதிகள் மூடின, வழிகாட்டிகள் வேலையிழந்தனர். கை நடுக்கமும் பார்வைக் குறைவும் மட்டும் எஞ்சின. ஜப்பானின் மினமாட்டா நோயை ஆராய்ந்த வைத்தியர் ஹராடா 1975 இல் அங்கு வந்து நோயாளரைப் பரிசோதித்தார். அரை நூற்றாண்டு சென்றும் அவ்வாற்றுப் படுகை தூய்மையாகவில்லை.

நாமிருந்த ஏரியில் ஆலைக்கழிவு எதுவும் இல்லை. எனினும் காற்றின் வழியே பாதரசம் எங்கும் வருமாதலால், எந்த ஏரியில் எந்த மீனை எத்தனை அங்குலம் வரை உண்ணலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகின்றது. அதன் பக்கமொன்றை முதியவர் நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

“உங்கள் ஊரிற் பெரிய மீனை யார் தின்பர்?” என்று அவர் கேட்டார். சந்தையிற் பெரிய மீனுக்கே விலை அதிகம் என்றோம். அவர் தலையசைத்துவிட்டு, சட்டியைக் கழுவ நீர்க்கரைக்கு இறங்கினார்.