ஆகஸ்ட் 2001 என்று எழுதிய டேப்

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். பீரோவைக் காலி செய்தபோது, அடித்தட்டில் பழைய எல்.ஐ.சி. ரசீதுகளுக்குக் கீழே ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி அகப்பட்டது. உள்ளே சீட்டுக்கட்டை விடச் சிறிய ஒரு கேசட். மேலே என் கையெழுத்தில் "மாதக் கடைசி – ஆகஸ்ட் 2001".

"பாட்டு கேசட்டா? தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றாள் என் மனைவி.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். அவளுக்கும் முழுக்கதை தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் வேலை பார்த்தது கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையில். அக்கவுண்ட்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 'கம்ப்யூட்டர் தெரிந்தவன்' என்ற ஒரே தகுதியில் கம்ப்யூட்டர் செக்ஷனுக்குப் பொறுப்பாளர் ஆனவன். சர்வரில் விண்டோஸ் என்.டி. சம்பளக் கணக்கு ஃபாக்ஸ்ப்ரோவில். எண்ணூறு தொழிலாளர்களின் வருகை, சம்பளம், பி.எஃப்., அட்வான்ஸ் எல்லாம் அதில்தான். அதையெல்லாம் தினமும் டேப்பில் பதிந்து வைக்க வாங்கிய மென்பொருளின் பெயர் பேக்கப் எக்ஸெக்.

1998-ல் வாங்கியபோது பெட்டியில் சீகேட் என்று இருந்தது. அடுத்த பதிப்பு வந்தபோது வெரிடாஸ் என்று இருந்தது. "என்ன சார், டூப்ளிகேட்டா?" என்று ஸ்டோர்ஸ்காரர் கேட்டார். அதனால்தான் அதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1982-ல் தொடங்கிய மேனார்ட் எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனிதான் இதன் பிறந்த வீடு. அவர்களை ஆர்க்கைவ் என்ற டேப் டிரைவ் கம்பெனி வாங்கியது. ஆர்க்கைவை கானர் என்ற ஹார்ட் டிஸ்க் கம்பெனி வாங்கியது. கானர் தன் மென்பொருள் பிரிவை ஆர்க்கேடா என்று தனியாக்கியது. 1996-ல் கானரையே சீகேட் வாங்கிக்கொண்டது. 1999-ல் சீகேட்டிடமிருந்து வெரிடாஸ். 2005-ல் வெரிடாஸே சிமான்டெக்கில் கலந்தது. 2016-ல் மறுபடி தனியாகப் பிரிந்தது. 2024 டிசம்பரில் வெரிடாஸின் பெரும் பகுதி கோஹெசிட்டி என்ற கம்பெனிக்குப் போக, பேக்கப் எக்ஸெக் ஆர்க்டெரா என்ற புதுக் கம்பெனியின் பங்குக்கு வந்தது. இத்தனை கை மாறியும் ஆர்க்கேடா காலத்துப் பெயர் அப்படியே நிற்கிறது.

இன்னொன்றும் மாறாமல் இருந்தது. டேப்பில் எழுதும் முறை. மைக்ரோசாஃப்ட் டேப் ஃபார்மட் என்று அதற்குப் பெயர். விண்டோஸ் என்.டி.யுடன் இலவசமாக வந்த பேக்கப் நிரலும் அதே முறையில்தான் எழுதும். அதனால் முதலாளி மாறினாலும் பழைய டேப்பைப் புதுப் பதிப்பு படித்துவிடும். பேக்கப் மென்பொருளுக்கு இதுதான் முதல் லட்சணம் என்பேன்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் வேண்டும் என்று ஒரு பட்டியலில் டிக் செய்துவைக்க வேண்டும். எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டால் இரவில் தானே ஓடும். எல்லாவற்றையும் எடுப்பது ஃபுல் பேக்கப். விண்டோஸில் ஒவ்வொரு கோப்புக்கும், மாற்றம் நடந்திருக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன அடையாளம் உண்டு. அந்த அடையாளம் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதை அழித்துவிட்டால் இன்கிரிமென்டல். அழிக்காமல் விட்டால் டிஃபரென்ஷியல். எழுதி முடித்ததும் டேப்பை முதலிலிருந்து மறுபடி படித்துச் சரிபார்க்க 'வெரிஃபை' உண்டு. எந்த டேப்பில் எந்தக் கோப்பு இருக்கிறது என்பதற்கு 'கேட்டலாக்' உண்டு. காலையில் வந்தால் ஒரு லாக் காத்திருக்கும்: எத்தனை கோப்பு, எத்தனை பைட், என்ன முடிவு.

டேப்புகளைச் சுழற்ற ஒரு முறை சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பெயரே தாத்தா-அப்பா-மகன்தான். தினசரி டேப் மகன். அடுத்த வாரம் அதன் மேலேயே எழுதப்படும். வாரக் கடைசி டேப் அப்பா. ஒரு மாதம் தாங்கும். மாதக் கடைசி டேப் தாத்தா. ஒரு வருடம் யாரும் தொடக்கூடாது. தாத்தாவை மில்லில் வைக்கக் கூடாது, தீப்பிடித்தால் எல்லாம் சேர்ந்து போகும் என்பதால், அது என் வீட்டு பீரோவில் இருக்கும்.

தினமும் மாலையில் டேப் மாற்றுவது ஓர் அட்டெண்டர் பையனின் வேலை. இருபது வயது இருக்கும். டேப் மாற்றியதும் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பான். ஒரு நாள் கூடத் தவறியதில்லை. காலையில் லாக் பார்ப்பது என் வேலை. 'சக்ஸஸ்ஃபுல்' என்ற வார்த்தையைப் பார்த்து டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன்.

2001 செப்டம்பர் முதல் வாரம் சர்வரில் 'டி' டிரைவ் நிரம்பிவிட்டது. புது ஹார்ட் டிஸ்க் வாங்கி, அதற்கு 'இ' என்று பெயர் கொடுத்து, சம்பளம், வருகை, ஸ்டோர்ஸ் ஃபோல்டர்களை அங்கே மாற்றினேன். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழைய இடத்தில் இருந்ததை அழித்தேன். எல்லோரும் வேகம் கூடியிருக்கிறது என்று பாராட்டினார்கள்.

அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு காலை, அந்தப் புது டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. நவம்பர் 14 தீபாவளி. அந்த மாதச் சம்பளமும் போனஸும் அதில்தான். சட்டப்படி குறைந்தபட்ச போனஸே 8.33 சதவீதம், எண்ணூறு வீட்டுத் துணிமணியும் பலகாரமும் அந்தக் கணக்கில் இருந்தது.

நான் பயப்படவில்லை. நேற்றைய டேப் இருக்கிறதே! கேட்டலாக்கைத் திறந்தேன். சம்பள ஃபோல்டர் இல்லை. முந்தின நாள் டேப், அதிலும் இல்லை. போன வாரத்து டேப்பிலும் இல்லை.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். பின்னால் ஆபீஸே நின்றது. "டேப்ல இல்லையா? அந்தப் பையன் ஒழுங்கா மாத்தலையா?" என்று சத்தம் போட்டார். பையனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். "சரியாத்தானுங்க சார் மாத்துனேன்" என்று சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. டிக் செய்த பட்டியலில் 'சி'யும் 'டி'யும்தான் இருந்தன. 'இ'யை நான் சேர்க்கவே இல்லை. மென்பொருள் சொன்ன வேலையைச் சரியாகச் செய்து, வெரிஃபையும் செய்து, 'சக்ஸஸ்ஃபுல்' என்று உண்மையைத்தான் சொல்லியிருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு பழைய லாக்குகளைப் புரட்டினேன். ஆகஸ்டில் தினமும் மூன்று ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்த அளவு, செப்டம்பரில் ஒரே நாளில் இரண்டரைக்குக் கீழே இறங்கியிருந்தது. 'சக்ஸஸ்ஃபுல்'லுக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருந்த எண். ஏழு வாரம் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

செப்டம்பர் மாதத் தாத்தாவிலும் இல்லை. கடைசியில் கைகொடுத்தது என் வீட்டு பீரோவில் இருந்த இந்த ஆகஸ்ட் டேப்தான். அதை மாட்டி சம்பள ஃபோல்டரை மீட்டோம். மீதி இரண்டு மாதத்தை மஸ்டர் ரோலையும் டைம் கார்டையும் பார்த்துக் கையால் ஏற்ற வேண்டும். ஆறு இரவுகள் உட்கார்ந்தோம். படித்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே என்று கேட்டபோது, "நான் இருக்கேனுங்க சார்" என்று வந்தவன் அந்தப் பையன்தான். அவன் டோக்கன் நம்பரையும் நாட்களையும் படிப்பான், நான் தட்டுவேன்.

மூன்றாம் இரவு என்னால் முடியவில்லை. "தம்பி, தப்பு உன்னோடது இல்லை, என்னோடது" என்று நடந்ததைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த கார்டு படிக்கட்டுங்களா சார்?" என்றான்.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போய் ஒப்புக்கொண்டேன். "சரி, விடுங்க, முதல்ல வேலையை முடிங்க" என்றார். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் போனஸ் கொடுத்துவிட்டோம். யாருக்கும் மெமோ வரவில்லை. ஆனால் அவனைத் திட்டியது இருபது பேர் நடுவில். நான் ஒப்புக்கொண்டது கதவைச் சாத்திய அறைக்குள். அந்த இருபது பேரிடம் நான் போய்ச் சொல்லவே இல்லை. அவர்களில் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்: அந்தப் பையன் ஒரு நாள் கூடத் தவறு செய்யவில்லை.

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று சம்பள ஃபோல்டரிலிருந்து ஒரு கோப்பை டேப்பிலிருந்து வேறு இடத்தில் மீட்டு, திறந்து பார்ப்பேன். பத்து நிமிட வேலை.

ஓய்வுக்குப் பிறகும் அந்த மென்பொருளின் செய்திகளைப் படித்து வந்தேன். 2005-ல் வந்த பதிப்புக்கு 10டி என்று பெயர். அந்த 'டி' டிஸ்க்கைக் குறிக்கும், டேப்புக்குப் பதில் டிஸ்க்கிலேயே பேக்கப் என்ற காலம் வந்துவிட்டது. 2010 பதிப்பில் ஒரே மாதிரியான தகவலைத் திரும்பத் திரும்பச் சேமிக்காமல் ஒரு முறை மட்டும் வைக்கும் வசதி வந்தது. 2012 பதிப்பில் திரையின் தோற்றத்தையே மாற்றினார்கள். எல்லா வேலைகளையும் ஒரே பட்டியலாகக் காட்டும் ஜாப் மானிட்டர் போய்விட்டது. நிர்வாகிகள் கொதித்துப் போனார்கள். 2014 பதிப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலைக் கேட்டவர்களின் பக்கம்தான் நான்.

இன்று வீட்டில் எல்லோரும் "ஃபோட்டோ எல்லாம் கிளவுட்ல இருக்கு" என்கிறார்கள். இருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு ஃபோட்டோவை, வேறு ஒரு கம்ப்யூட்டரில் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். போன மாதம் புதிதாகத் தொடங்கிய ஃபோல்டரில் இருந்து எடுங்கள். எனக்கு விட்டுப்போனது அந்த மாதிரி ஃபோல்டர்தான்.

வெள்ளையடித்து முடிந்தது. டேப்பைப் படிக்க இனி என்னிடம் டிரைவ் கிடையாது. ஆனாலும் அதே அடித்தட்டில், ரசீதுகளுக்கு மேலே வைத்திருக்கிறேன்.