முழங்காலுக்கு ஒரு பாட்டு

நாவல் எழுதுகிறவன் பொய் சொன்னால், கற்பனை என்று உலகம் மன்னித்துவிடுகிறது. என் ஐந்து வயதுப் பேத்தி மன்னிக்கவில்லை.

நவராத்திரி சமயம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் அவளே பொறுக்கி எடுத்த நீலக் கண்ணன் எங்கள் கொலுவில் நின்றுகொண்டிருந்தான். தியாகராய நகரிலிருந்து வந்த ஒரு மாமி குழந்தையைப் பாடச் சொல்லிக் கேட்டாள். "சாரீரம் தேன்தான், நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்று, சுண்டலில் உப்புப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கெட்ட மனசுக்காரி அல்ல. போகிற போக்கில் வந்த பேச்சு.

மறுநாள் குளிக்கும்போது, "இன்னும் நன்றாகத் தேய், பாட்டி. கறுப்புப் போகவில்லை" என்றாள் குழந்தை. பயத்தமாவுக் கிண்ணத்தோடு என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் சொல் ஒன்றுதானே? அன்றிரவு நீலாம்பரியில் ஒரு தாலாட்டுக் கட்டினேன். தங்க மேனி என்றேன்; சந்திர முகம் என்றேன். தூங்கிவிட்டாள் என்று நான் நிறுத்தியபோது இருட்டிலிருந்து குரல் வந்தது: "நான் தங்க நிறம் இல்லையே. உனக்கும் கறுப்புப் பிடிக்காதா, தாத்தா?"

எனக்கு வியர்த்துவிட்டது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நானும் அந்த மாமியின் தராசைத்தான் பிடித்திருக்கிறேன். எடையை மட்டும் கூட்டிச் சொல்லியிருக்கிறேன்!

"பெரியாழ்வார் இருக்கும்போது உங்கள் பாட்டு எதற்கு?" என்றாள் மனைவி.

நியாயந்தான். யசோதையாகத் தம்மைப் பாவித்து, பாதம் தொடங்கிக் கூந்தல் வரை கண்ணனின் ஒவ்வோர் அங்கத்தையும் வந்து பாருங்கள் என்று ஊராரை அழைக்கிறார் அவர். மொத்தம் 21 பாசுரங்கள். அழகையும் பாடுகிறார், அதோடு அந்த அங்கத்தின் கதையையும் சொல்கிறார். பாதமா? குழந்தை தானே பிடித்து வாயில் வைத்துச் சுவைத்தது. முழங்காலா? நெய்யைத் தின்றுவிட்டு, தாம்புக் கயிற்றை ஓங்கிய தாய்க்குப் பயந்து தவழ்ந்தது. வயிறா? கயிற்றால் கட்டுப்பட்டது. வேறோர் இடத்தில் அந்தக் கடல் நிறத்துப் பிள்ளையைக் குளிப்பாட்ட எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் தாய். வெண்ணெயும் புழுதியும் போகத்தான். நிறம் போக அல்ல!

மறுநாளிலிருந்து எங்கள் குளியலறையில் புதுக் கச்சேரி. ராகம் கிடையாது, வாளியில் விழும் தண்ணீரே தாளம். பாட்டி ஓர் அங்கத்தைத் தொட்டு, நீ என்ன செய்தாய் என்று பாட்டாகக் கேட்பாள். குழந்தை பாடியே பதில் சொல்ல வேண்டும். பாதம் பெசன்ட் நகர் கடற்கரையில் அலைக்குப் பயந்து ஓடியது. முழங்கால் நாகேசுவரராவ் பூங்காவில் சறுக்குமரத்தடியில் விழுந்தது, ஆனால் அழவில்லை. (அழுதது. அதை நாங்கள் பாட்டில் சேர்க்கவில்லை.) கை, கண்ணன் பொம்மையை உடைக்காமல் வீடுவரை தூக்கி வந்தது. "இன்னும் தேய்" என்ற பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது.

ஒரு பாட்டில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் மறுபடியும் பொய் சொன்னவனாவேன். சிவப்பழகு தருவதாக 1975 முதல் விற்ற ஒரு பசையின் பெயரிலிருந்து அந்த வெண்மைச் சொல்லை எடுக்க 2020 வரை ஆயிற்று. சொல் போயிற்று, பார்வை போகவில்லை. குழந்தையும் சில நாள் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்கத்தான் செய்கிறாள். அவள் பள்ளிக்கூடம் போவாள். கல்யாண வீடுகளுக்குப் போவாள். இன்னும் எத்தனையோ மாமிகளைப் பார்ப்பாள். அப்போது அவள் காதில் எங்கள் வாளித் தாளமும் கொஞ்சம் ஒலித்தால் போதும்.

நேற்றுக் குளித்துவிட்டு வந்தவள் என் மடியில் ஏறி, தலையைத் தடவிப் பார்த்தாள்.

"தாத்தா, இந்த வழுக்கை என்ன செய்தது? பாடு!"

யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை பொய்யில்லாமல் பாட வேண்டும் அல்லவா?