சாய்கோடு சாய்ந்த திசை

லினக்ஸில் ஒரு பிழையும் இல்லாமல் கம்பைல் ஆகும் மூலநிரல், விண்டோஸுக்குப் போனதும் ‘கோப்பு இல்லை’ என்று நின்றுவிடுவதுண்டு. கோப்பு அங்கேதான் இருக்கும். அதற்குப் போகும் பாதையைத்தான் இரண்டு இயங்குதளங்களும் வேறுவேறாகப் படிக்கின்றன. இந்த வேறுபாடுகளில் முதலில் கண்ணில் படுவது சாய்கோடு. யூனிக்ஸ் வழிவந்தவை ஃபோல்டர்களை / கொண்டு பிரிக்கின்றன. விண்டோஸ் \ கொண்டு பிரிக்கிறது.

\ குறிக்குக் கணினியில் இடம் வாங்கிக் கொடுத்தவர் ஐபிஎம்மில் பணியாற்றிய பாப் பீமர். ஆஸ்கி எழுத்துத் தொகுதி உருவாகிக்கொண்டிருந்த 1961இல் அவர் அதை முன்வைத்தார். அப்போது அவர் மனத்தில் கோப்புகள் இல்லை. அல்கால் நிரல் மொழியின் தர்க்கக் குறிகள்தான் இருந்தன. ‘இதுவும் அதுவும்’ என்பதற்கு /\ என்றும், ‘இதுவோ அதுவோ’ என்பதற்கு \/ என்றும் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்து எழுதிவிடலாம் என்பது அவர் யோசனை. எளிமையும் அழகும் ஒருங்கே அமைந்த யோசனை அது. கோப்புப் பாதைக்குள் அந்தக் குறி நுழைந்தது பின்னால்தான். 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது. ஒரு ஃப்ளாப்பியில் அடங்கும் கோப்புகளுக்கு அது தேவைப்படவும் இல்லை. கட்டளைகளின் தெரிவுகளைக் குறிக்க அதில் / பயன்பட்டது. டெக் நிறுவனக் கணினிகளிலிருந்து வந்த பழக்கம் அது. 1983இல் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்டு டிஸ்குடன் வந்தபோது ஃபோல்டர்கள் அவசியமாயின. யூனிக்ஸைப் போல் / குறியை எடுத்துக்கொண்டால் பழைய கட்டளைகள் குழம்பிவிடும். ஆகவே டாஸ் 2.0 \ குறியைத் தேர்ந்தது. ஏற்கெனவே பழகியவர்களுக்கு இடையூறு வரக்கூடாது என்ற அக்கறை அந்தத் தேர்வில் இருந்தது. அதன் சுமைதான் இன்றுவரை மற்றவர்கள் தலையில் இருக்கிறது.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பெல் ஆய்வகத்தில் பிறந்த சி மொழி \ குறிக்கு வேறொரு வேலை கொடுத்திருந்தது. அதை அடுத்து n எழுத்து வந்தால் புது வரி. t எழுத்து வந்தால் டேப். எனவே நியூ (new), டெஸ்ட் (test) என்று தொடங்கும் ஃபோல்டர் பெயர்கள் சரத்துக்குள் வந்ததும் சிதைந்துபோகின்றன. இதற்குத் தீர்வு எளிது. ஃபோல்டர்கள் வந்த நாளிலிருந்தே டாஸின் உட்கரு இரண்டு குறிகளையும் ஏற்றது. விண்டோஸும் பெரும்பாலான இடங்களில் ஏற்கிறது. இன்க்ளூட் வரிகளில் எங்கும் / எழுதினால் போதும். அங்கே \ வந்தால் என்ன நடக்கும் என்பதை சி மொழித் தரம் வரையறுக்கவே இல்லை.

அடுத்தது எழுத்தின் அளவு. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறுவேறு; விண்டோஸிலும் மேக் கணினிகளிலும் வழக்கமான அமைப்பில் இரண்டும் ஒன்றே. அதனால் விண்டோஸில் கண்டுகொள்ளப்படாத பெயர்ப் பிழை லினக்ஸில் பில்டை நிறுத்துகிறது. லினக்ஸ் கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதியில், எழுத்தின் அளவில் மட்டுமே வேறுபடும் பெயர்களோடு இரட்டைக் கோப்புகள் இருக்கின்றன. விண்டோஸில் அவற்றை ஒரே ஃபோல்டரில் இறக்கினால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடுகிறது. அதே கெர்னலின் நூவோ டிரைவரில் ‘ஆக்ஸ்’ என்ற பெயரில் ஒரு சி கோப்பும் உண்டு. ஃபோல்டர்களே இல்லாத காலத்தில் டாஸ் சாதனங்களுக்கு ஒதுக்கிய பெயர் அது. விண்டோஸ் நெடுங்காலம் அதைக் கோப்புக்குக் கொடுக்க மறுத்துவந்தது.

இடைவெளியும் நீளமும் வேறு வகைச் சிக்கல்கள். 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ (make) என்ற பில்ட் கருவி, இடைவெளியைக் கண்டதும் பெயர் முடிந்ததாகக் கொள்கிறது. விண்டோஸ் 95 கொண்டுவந்த ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரின் பெயரிலேயே இடைவெளி இருக்கிறது. விண்டோஸின் பழைய நிரல்களுக்குப் பாதையின் உச்ச நீளம் 260 எழுத்துகள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நூலகங்களை அடுக்கிய என்பிஎம் தொகுப்புக் கருவியின் தொடக்கப் பதிப்புகள் இந்த வரம்பை அடிக்கடி மீறின. 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றிலிருந்து வரம்பைத் தளர்த்த முடிகிறது. நிரலும் அதற்கு ஒப்புதல் தெரிவித்திருக்க வேண்டும்.

தமிழில் பெயர் வைத்தாலும் பெயர்ச் சிக்கல் விடுவதில்லை. ‘கோ’ என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம். இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்கிறது. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை அதைப் பிரித்துச் சேமித்தது. ‘கோப்பு’ என்று பெயரிட்ட கோப்பு மேக் கணினிக்குப் போய்த் திரும்பினால் வேறு கோப்பாகிவிடும். இதைச் சரிசெய்யவே மூலநிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் (Git) கருவி 2012இல் ஒரு தனி அமைப்பைச் சேர்த்தது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் வரக்கூடிய மொழிக்கு இது சிறிய செய்தி அல்ல.

ஓர் இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்காகக் கம்பைல் செய்யும்போது, பாதை கிடைத்தும் அது தவறான பாதையாக இருக்கலாம். இலக்குக் கணினியின் ஹெட்டர் கோப்புகளுக்குப் பதில், வேலை நடக்கும் கணினியின் ஹெட்டர்கள் நுழைந்துவிடுகின்றன. ‘கோப்பு இல்லை’ என்ற பிழையைவிட இது ஆபத்தானது. பில்ட் வெற்றி பெற்று, நிரல் ஓடும்போது சரிந்துவிடக்கூடும். இலக்கின் கோப்புகளுக்கென்று தனி வேர் ஃபோல்டரை வகுத்து, சிஸ்ரூட் என்ற தெரிவின் வழியாக அதைக் கம்பைலருக்குச் சொல்வதே முறை.

இவற்றில் பலவற்றுக்கு அடிப்படைத் தீர்வு ஒன்றுதான்: எந்தப் பாதையையும் ஒருவருடைய கணினியை வைத்து எழுதாமல், திட்டத்தின் வேர் ஃபோல்டரிலிருந்து எழுதுவது. பிரிப்பானைச் சேர்க்கும் வேலையைக் கருவிகளிடம் விட்டுவிடலாம். 2000இல் தொடங்கிய சிமேக், உள்ளே / மட்டுமே வைத்துக்கொண்டு தேவையான இடத்தில் மாற்றித் தருகிறது. பைத்தானின் பாத்லிப், சி++17இன் ஃபைல்சிஸ்டம் நூலகம் இரண்டும் நிரலுக்குள் அதே பணியைச் செய்கின்றன. கோப்புப் பெயர்களைச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைப்பதும், ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று இயங்குதளங்களிலும் தானாகக் கம்பைல் செய்து பார்ப்பதும் எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும். எழுதியவரின் கணினியில் மட்டும் கம்பைல் ஆகும் நிரல் இன்னும் பாதி எழுதப்பட்ட நிரல்தான். பிறர் கணினியிலும் கம்பைல் ஆகும்போதுதான் அது பொதுச் சொத்தாகிறது.