கால் கறுப்பா, மஞ்சளா?

ஜனவரி 5, 2025, ஞாயிறு

நஞ்சராயன் குளம், காலை ஆறரை. சூரியன் இன்னும் எழவில்லை. சேற்றோரம் குருவி அளவில் ஓர் உள்ளான், முதுகைக் காட்டி மேய்ந்துகொண்டிருந்தது. என் லென்ஸின் அப்பர்ச்சர் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது. ஷட்டர் 1/500 வைத்தால் ஐஎஸ்ஓ 12,800-க்குப் போயாக வேண்டும். நாலு கிளிக், பறந்துவிட்டது.

படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்த பறவைத் தோழன் கேட்டான்: “ஏனுங்ணா, காலு கறுப்பா, மஞ்சளா?” சரியான கேள்வி. கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால். டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த கால். படத்திலோ காலில் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாப் புள்ளியும் இருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

கம்பெனி விட்டு வந்ததும் மொட்டைமாடிக் காக்காயை வைத்து ஒரு சோதனை. ஷட்டரும் அப்பர்ச்சரும் மாற்றாமல் ஐஎஸ்ஓ 3,200-இல் ஒன்று, 12,800-இல் ஒன்று. முதல் படத்தைக் கணினியில் வெளிச்சமாக்கினேன். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இரைச்சல், அதாவது அந்த நிறப் புள்ளிகள்.

திட்டு வாங்குவது ஐஎஸ்ஓ. குற்றவாளி வெளிச்சப் பஞ்சம். ஒளி துகள் துகளாக வருகிறது. ஒரு பிக்சலில் 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10; அது 10 சதவீதம். ஐஎஸ்ஓ வந்ததைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவே. வராத ஒளியை அது எங்கிருந்து கொண்டுவரும்?

ஜனவரி 8, புதன்

ரா கோப்பைத் திறந்து நிற இரைச்சலைக் குறைத்தேன். புள்ளிகள் போயின. ஆனால் இரண்டு மூன்று பிக்சல் அகலமே உள்ள காலில் சேற்றின் பழுப்பும் சேர்ந்து பரவிவிட்டது. இப்போது பார்த்தால் மஞ்சள் மாதிரி!

அடுத்து லைட்ரூமில் 2023-இல் வந்த ஏஐ டீநாய்ஸ். முதுகிறகு ஒவ்வொன்றுக்கும் அழகான விளிம்பு வந்தது. அதில் எது குளத்து ஒளி வரைந்தது, எது வேறு படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் ஊகித்தது? பிரித்துச் சொல்ல முடியவில்லை. துணிக்குச் செய்யும் பயோ வாஷில் என்சைம் மேலுள்ள பஞ்சிழையைத் தின்னும். நேரம் கூடினால் துணியின் பலத்தையும் தின்னும். இந்த டீநாய்ஸும் அப்படித்தான். அதை விட்டு, மாஸ்க் போட்டு, சாதாரண இரைச்சல் குறைப்பைத் தண்ணீருக்கு மட்டும் அழுத்தமாகவும் பறவைக்கு மிக லேசாகவும் கொடுத்தேன். படம் தெளிந்தது, காலின் நிறம் தெளியவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

மறுபடி குளம். டிரைபாடைத் தாழ்த்தி வைத்து, உள்ளான் நடை நிறுத்தும் கணத்துக்குக் காத்திருந்து 1/125. நான்கு மடங்கு ஒளி. ஐஎஸ்ஓ 3,200-க்கு இறங்கியது. வெயில் ஏறியதும் 800 போதுமாயிற்று. கால்கள் ஐயமில்லாமல் கறுப்பு: கொசு உள்ளான்.

அதற்காக ஐந்தாம் தேதிப் பறவையும் இதுவேதான் என்று எழுதிவிட முடியாது. இந்தக் குளம் 2022-இல் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலத் தலம் ஆனது. இதன் பறவைப் பட்டியலை இனி எங்கெங்கோ இருப்பவர்களும் எடுத்துப் பார்ப்பார்கள். அன்றைய பதிவில் “உள்ளான், இனம் தெரியவில்லை” என்று போட்டு, கை வைக்காத படத்தையே இணைத்தேன்.

“அப்ப அந்தச் சுத்தம் பண்ணுன படத்தை அழிச்சுருவீங்களாங்ணா?”

“எதுக்கு? காலண்டருக்கு ஆகும்.”